பாக்கியசீலியின் மூன்றாம் பல்வரிசை

சீனிவிளை கடலைமிட்டாய் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடமாகப் பாகுக்குப் பதம் பார்த்துவந்த பாக்கியசீலிக்கு, ஐம்பத்தொன்றாவது வயதில், மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கையில் கடைசிப் பல்லும் விழுந்தது. எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை விடிகிற நேரத்தில், அவளுக்கு முதல் பால்பல் முளைத்தது.

பதம் பார்ப்பது லேசான வேலை இல்லை. கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உறைந்ததும் கடைவாயில் வைத்துக் கடிக்கவேண்டும். பல்லில் ஒட்டினால் பொறுக்கவேண்டும், கண்ணாடிபோலக் 'கடுக்'கென்று உடைந்தால் அந்த நொடியே அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கடி. அந்த நாற்பது கடியிலும், இருபத்தொரு வயதிலிருந்து கன்னத்தில் ஒதுக்கிவந்த புகையிலையிலும், நாற்பத்துமூன்றில் வந்த சர்க்கரை வியாதியிலும், மாதவிலக்கு நின்றபிறகு பாலைவனமாகக் காய்ந்துபோன வாயிலும் ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாகக் கழன்று, எல்லாம் போயின. போனதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் ஐம்பதுக்குமேல் முழுப்பல்லோடு சிரிக்கிறவர்கள் வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்தான்.

அந்த வியாழக்கிழமை பாக்கியசீலி சேலை முந்தியின் ஓரத்தை மென்றுகொண்டே எழுந்தாள். அவள் புருஷன் தேவசகாயம், கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க, ஈறு நமநமங்குது."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் ஈற்றின் நடுவில், நொய்யரிசி முனைபோல வெள்ளையாக ஒன்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"பல்லு" என்றார்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"சரி, வண்டிக்கு நேரமாச்சு, நீங்க கெளம்புங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன, பல் முளைக்கிற எல்லாப் பிள்ளைக்கும் வருவதுபோல. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அரிசிமாவு பிசைந்து பல் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்து, முறைப்படி அவளை மனையில் உட்காரவைத்து, தலைமேல் கொழுக்கட்டையைக் கொட்டினாள். கீழே உருண்டவற்றைத் தெருப்பிள்ளைகள் பொறுக்கித் தின்றன. எங்கள் சபைக் கோயிலில் பாதிரி ஐயர் அந்த ஞாயிற்றுக்கிழமை பல் முளைத்தோர் பட்டியலில் மூன்று குழந்தைகளோடு நான்காவதாக அவள் பெயரையும் வாசித்து ஜெபித்தார். வேறென்ன செய்ய? முளைத்ததை முளைத்ததென்றுதான் கொண்டாடவேண்டும்.

செல்லக்கிளிதான் அவளைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். தேவசகாயத்துக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாது. பல் டாக்டர் நஸ்ரின், முப்பத்தைந்து வயதிருக்கும், வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள். அடுத்த வாரமும் வரச்சொன்னாள். மூன்றாவது வாரம் இருபது பால்பல்லும் வரிசைகட்டி நின்றபோது கணக்குப் போட்டுச் சொன்னாள்:

"வாரத்துக்கு ஒரு வயசு ஆகுது உங்க வாய்க்கு. ஆறாவது வாரம் இதெல்லாம் விழும். அப்புறம் நிரந்தரப் பல் வரும். மறுபடி மாசி வரும்போது உங்க வயசும் உங்க வாயோட வயசும் ஒன்னாயிரும்."

"அதுக்கு அப்புறம்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இதுவரைக்கும் யாருக்கும் பார்த்ததில்ல. ஆனா ஒன்னு சொல்றேன், பல் புதுசு, பழக்கம் பழசு. பழக்கத்த மாத்தலன்னா மறுபடி இதே நாற்காலியில பொக்கைவாயோட உட்காருவீங்க. இன்னொரு தடவ முளைக்கும்னு நம்பி இருக்காதீங்க."

இந்தக் கணக்கு பஸ்ஸைவிட வேகமாகச் சீனிவிளைக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஊர் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டது. பாக்கியசீலிக்கு அஞ்சு வயசாக இருக்கையில் எங்கள் ஆடு குட்டி போட்டது என்றோம். பாக்கியசீலி எட்டைத் தாண்டுவதற்குள் கூரை மாற்றிவிடவேண்டும் என்றோம். அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஈ" காட்டச் சொன்னோம், அவளும் காட்டினாள், காட்டிவிட்டு நிற்காமல் நடந்தாள், ஏனென்றால் அவளால் எங்கேயும் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை. வாய் ஓடிக்கொண்டிருக்க உடம்பு எப்படி உட்காரும்? அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் கோயிலுக்கும் நடந்தாள்.

பால்பற்களுக்குப் புகையிலை என்றால் என்னவென்று தெரியவில்லை, அதனால் முப்பது வருடப் பழக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் விலகி நின்றது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு. கை நீட்டினால் மிட்டாய் என்கிற இடத்தில் வேலை. உடைந்த துண்டுகளையும் தட்டின் ஓரத்துச் சுரண்டலையும் அவள் யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள், ஐந்தாவது வாரம் கடைவாய்ப் பால்பல் இரண்டில் கறுப்புப் புள்ளி விழுந்தது, ஆறாவது வாரம் எல்லாம் ஆட ஆரம்பித்தன. விழுந்த பற்களைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தன. இருபது பல், இருபது கூரை. ஓட்டு வீடு, ஓலை வீடு, மாடி வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்காரர்களும் எங்கள் கூரைக்கு ஒன்று என்று வந்து கேட்டு வாங்கிப்போனார்கள்.

நிரந்தரப் பல்லின் முனை நாக்கில் தட்டுப்பட்ட அன்று பாக்கியசீலி கம்பெனி முதலாளி பொன்னையா அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இனி நான் பாகக் கடிக்கமாட்டேன்."

"கடிக்காம பதம் யாரு சொல்லுவா?"

"காது சொல்லும். சொட்ட உறையவச்சுத் தட்டுல போட்டா சத்தம் வரும்லா, அந்தச் சத்தம் போதும்."

"முப்பது வருஷமா கடிச்சவ இப்ப வந்து காதுங்கிய. சரக்கு வீணாப்போனா?"

"அண்ணாச்சி, உங்க தராசுக்குப் படிக்கல்லு தேஞ்சா வேற வாங்குவீங்க. இதுக்கு வேற கெடையாது."

அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் பயந்தவர். மூன்று நாள் தவணை கொடுத்தார். மூன்று நாளும் பாகு பிடிபடவில்லை. எவர்சில்வர் தட்டில் சொட்டைப் போட்டால் 'டொப்'பென்று விழுந்ததா 'ணங்'கென்று விழுந்ததா என்று அடுப்பிரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று வார்ப்பும் ரப்பர்போல இழுத்தது, அந்த மிட்டாயை விற்க முடியாமல் ஊருக்கே பங்குவைத்தார்கள், நாங்கள் ஒரு வாரம் அதைப் பல்லிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு, அடுப்பை நோக்கி முதுகைத் திருப்பிக்கொண்டு, தட்டைக் காதோரம் பிடித்துச் சொட்டைத் தட்டினாள். ஒரு சின்ன மணிச்சத்தம். "கொட்டுங்க!" என்று அவள் கத்திய கத்தலில் கடலைக் கூடையோடு நின்றவன் பாதியைத் தரையில் கொட்டிவிட்டான், மீதிப் பாதி மிட்டாய் கண்ணாடியாக உடைந்தது.

பதின்மூன்றாவது வாரம் அவள் ஈறுகள் சிவந்து தடித்தன. தெருப் பெண்கள் பார்த்தார்கள். மறுநாள் காலையில் மூன்று வீட்டிலிருந்து நல்லெண்ணெய் மினுங்க உளுந்தங்களி வந்தது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் முடிந்தவள், வாய் மட்டும் பெரியவளாகிவிட்டதென்று தெருவே களி கிண்டியதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தின்றாள், தின்றுவிட்டு வேப்பங்கொழுந்துத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கடைசிக் கடைவாய்ப் பற்கள் தாடையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. அந்த வாரம்தான் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஷீபா, ஏழாம் மாதத்து வயிற்றோடு பிள்ளைப்பேறுக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். தெரு சிரிப்பதை நிறுத்தியதும் அந்த வாரம்தான். ஏனென்றால் அடுத்து இருபத்தொன்று, அந்த வயதில் அவளுக்கு என்ன நடந்தது என்று நாற்பதைக் கடந்த எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தொரு வயதில் பாக்கியசீலி முதல் பிள்ளையைச் சுமந்தாள். ஆறாவது மாதம் ஈற்றில் ரத்தம் கசிந்தது, பிறகு இடப்பக்கக் கடைவாயில் வீக்கம் கண்டது, முகம் பனங்காயாக ஊதியது. அவள் மாமியார், வயிற்றுப்பிள்ளைக்காரி பல்லைத் தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பாக்கியசீலி புருஷனைக் கேட்டாள். இருபத்தாறு வயசுத் தேவசகாயம் தாயைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பதினோரு நாள் காய்ச்சல். ஏழாம் மாதம் பிறந்த பையன் நாலு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை, கோயிலின் மேற்குச் சுவரோரம் அடக்கம் செய்தார்கள். வலி பொறுக்கமாட்டாமல் அரற்றியவளுக்குச் செல்லக்கிளி தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டு புகையிலை கிள்ளிக் கடைவாயில் வைத்துவிட்டாள். வலி மரத்தது. புகையிலை நின்றுகொண்டது. அந்தப் பையனைப் பற்றி வீட்டில் அதற்குப்பிறகு யாரும் பேசியதில்லை. ஷீபாவுக்கே பதினைந்து வயதில், மேற்குச் சுவரோரம் புல் செதுக்கிக்கொண்டிருந்த கிழவர் சொல்லித்தான் தெரியும்.

இருபத்தொன்றாவது வியாழன் வந்தது. ஈறுகள் கருஞ்சிவப்பாகி, ஊதி, விரல் பட்டால் ரத்தம் கசிந்தன. அப்போது எங்களுக்கு ஒரு எண்ணம் வந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல் திரும்பி வந்ததென்றால் மற்றது ஏன் வரக்கூடாது? செல்லக்கிளி பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து நாலாகக் கிழித்துக் காயப்போட்டாள். தச்சுவேலை செய்யும் வீட்டிலிருந்து ஒரு தொட்டில்கம்பு வந்து சுவரில் சாய்ந்து நின்றது. ஷீபாவுக்குத்தானே என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பாக்கியசீலி "வேலையப் பாருங்கட்டி" என்று எல்லோரையும் விரட்டினாள், ஆனால் விரட்டிய கை நேராக வயிற்றுக்கு வந்து அங்கேயே இருந்துகொண்டதை நாங்கள் பார்த்தோம். இரண்டு நாள் அவள் கம்பெனிக்கும் போகவில்லை; வாசலையே பார்த்துக்கொண்டு நடந்தாள், ஒரு சத்தம் கேட்டால் ஓடிவந்தாள்.

வெள்ளி போனது. சனி போனது. ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தவள் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் அவள் தானாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "என்னத்துக்கு வந்தீங்க?" என்று தன் பற்களைக் கேட்டாள். "அவனக் கொண்டுவர மாட்டீங்கன்னா என்னத்துக்கு வந்தீங்க?"

செல்லக்கிளி வேலிப்பக்கமாக வந்து பக்கத்தில் குந்தினாள். அவள் மடியில் சுருக்குப்பை இருந்தது.

"வலிக்கா?"

"வலிக்கி மைனி."

"அன்னைக்கும் நான்தான் தந்தேன். தந்தது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல." செல்லக்கிளியின் விரல் பையின் கயிற்றை அவிழ்த்தது, கட்டியது, அவிழ்த்தது. "வேணுமா? வேணான்னா சொல்லு, தூரப் போட்டுருதேன்."

பாக்கியசீலி கையை நீட்டினாள். புகையிலைத் துண்டு உள்ளங்கையில் இருந்தது. இருபது வாரமாக விலகி நின்ற ஆசை ஒரே எட்டில் வந்து அவள் நாக்கின் மேல் ஏறிக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது குழாயடியில் ஷீபா வாய் கொப்பளித்துத் துப்பினாள். சிமெண்ட் தரையில் விழுந்த தண்ணீர் ரோஜா நிறமாக இருந்தது. ஷீபா சட்டென்று காலால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிய விதத்தில், ஒரு கன்னத்தை மட்டும் காற்றுப்படாமல் காப்பாற்றுகிற அந்தத் திருப்பலில், பாக்கியசீலியின் சொந்த இடது கடைவாய் 'விண்'ணென்று தெறித்தது.

"இங்க வா."

"ஒன்னுமில்லம்மா."

"இங்க வாட்டி. எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா ரத்தம் வருது. மசக்கையில எல்லாருக்கும் வரும்னு அத்த சொன்னாங்க. வலி நேத்துதான்."

பாக்கியசீலி மகளின் வாயைத் திறந்து விரலை விட்டாள். மேல் ஈற்றில், இடது கடைவாய்ப் பல்லுக்குமேல், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி, தொட்டதும் ஷீபா துள்ளினாள், நெற்றி கொதித்தது. முப்பது வருடத்துக்கு முந்திய வலியை யாரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? பாக்கியசீலி ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லாமல் இருந்தது. அது அந்த நிமிஷம் அவள் வாயிலேயே இருந்தது, அதே இடத்தில், அதே துடிப்பில். இது எப்படித் தொடங்கும், நாளைக்கு எப்படி இருக்கும், பதினோராவது நாள் என்ன ஆகும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது.

அவள் எழுந்தாள். புகையிலைத் துண்டு கல்லுக்கடியில் விழுந்தது.

"செருப்பப் போடு. ஆஸ்பத்திரிக்கிப் போறோம்."

"ஞாயித்துக்கெழமம்மா. அதோட மாசமா இருக்கயில பல்லுல கைவைக்கக் கூடாதுன்னு..."

"யாரு சொன்னா? எனக்கும் சொன்னாவ. செருப்பப் போடு."

வாசலில் தேவசகாயம் ஆட்டோவில் மிட்டாய்ப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். திருச்செந்தூரில் திருவிழா, மத்தியானத்துக்குள் சரக்குப் போய்ச் சேரவேண்டும். மகளின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணை எடுத்துக்கொண்ட வேகத்தில் தெரிந்தது.

"லோட எறக்கிட்டு ஒரு மணிக்குள்ள வந்துருதேன்" என்றார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் சைக்கிள எடுத்தீங்க."

தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். தேவசகாயம் கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை. அரிவாளை வாங்கி வெட்டினார். பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவில் இறக்கினார். ஷீபாவை முன்பக்கம் உட்காரவைத்து, பாக்கியசீலியைப் பின்னால் சரக்குத் தட்டில் ஏற்றிக்கொண்டு போனார். பெட்டிகளை நாங்கள் வெயிலில் உருகாமல் நிழலுக்கு நகர்த்தினோம்.

ஞாயிறு விடுமுறை, டாக்டர் நஸ்ரினை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். தேவசகாயம் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஷீபாவின் ஈற்றைக் கீறிச் சீழை எடுத்து, மருந்து வைத்து, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகக்கூடிய மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"மசக்கையில ஈறு வீங்குறது சகஜம்தான். சகஜம்னு விட்டுர்றதுதான் தப்பு" என்றாள் டாக்டர். "வாந்தி எடுத்தா உடனே பல் தேய்க்காத, தண்ணியில கொப்பளி, கொஞ்சம் பொறுத்துத் தேய். மணிக்கொருதரம் இனிப்பத் திங்காத."

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டரம்மா?" என்று, தன் பழைய பதினோரு நாள் காய்ச்சலையும் நாலு நாள் பிள்ளையையும் சொல்லிவிட்டுக் கேட்டாள் பாக்கியசீலி.

"சொல்லமுடியாது. வாயில இருக்குற சீழ் வாயோட நிக்காது, ரத்தத்துல போகும், காய்ச்சல் வரும். சில பேருக்குப் பிரசவம் முந்திரும். சில பேருக்கு ஒன்னும் ஆகாது." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "உங்களுக்கு அன்னைக்கு இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்லமுடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்லமுடியாது."

பாக்கியசீலி தலையாட்டினாள். முப்பது வருடத்தில் அவளுக்கு ஒருவர் சொன்ன நேர்மையான பதில் அதுதான் என்று பிறகு செல்லக்கிளியிடம் சொன்னாளாம்.

புரட்டாசியில், மாதம் நிறைந்து, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஷீபாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அப்போது பாக்கியசீலியின் வாய்க்கு முப்பத்தொரு வயது. தொட்டில்கம்புக்கு வேலை வந்தது.

ஆனால் பற்கள் நிற்கவில்லை, ஓடின. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது. பாக்கியசீலி அவற்றின் பின்னால் ஓடினாள். காலையில் தேய்த்தாள், ராத்திரியும் தேய்த்தாள். சர்க்கரைக்கு மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டு, கம்பெனிக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடந்தாள். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போய்ப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்துகொண்டாள். நாற்பத்துமூன்றாவது வாரம் இரண்டு பல் ஆடின, ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஐம்பதாவது வாரம் வாய் காயத் தொடங்கியது, தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு அலைந்தாள்.

எங்களுக்கோ பயம் பிடித்துக்கொண்டது. வாயும் ஆளும் ஒன்றாகிற வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று வாய் நிற்காவிட்டால்? அதே வேகத்தில் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் ஓடினால்? அவளுக்கு எத்தனை வருடம் என்று அவள் வாயே எங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடுமே! "ஈ" காட்டச் சொன்னவர்கள் இப்போது அவள் சிரித்தால் தரையைப் பார்த்தோம். ஐயர் பிரசங்கத்தில், வேதத்தில் வரும், சூரியன் நடுவானத்தில் ஓடாமல் நின்ற கதையைச் சொன்னார். பொன்னையா அண்ணாச்சி அந்த வியாழனுக்கு அரைநாள் விடுமுறை விட்டார்.

அன்று காலை ஏழு மணிக்கே அவள் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். கதவு பூட்டியிருந்தது. ஆட்டோவைக் காணோம்.

அந்த வியாழனோடு பற்களின் அவசரம் அடங்கியது. அதற்குப்பின் எல்லோருடைய பற்களையும்போல நாளுக்கு ஒரு நாளாகத்தான் அவை வயதாயின. வாயில் முப்பத்தொரு பல், அவற்றில் இரண்டு அடைத்தவை. இதெல்லாம் எங்களுக்கு உறுதியாகத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. அன்று காலையில் எங்களுக்குத் தெரிந்தது பூட்டு மட்டும்தான்.

நடந்தது இதுதான். ஆறு மணிக்குத் தேவசகாயம் வேஷ்டி மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கி."

"எனக்கு ஒன்னும் வலிக்கலியே."

"எனக்கு வலிக்கி."

அவள் அவரைப் பார்த்தாள். அவருடைய இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. பீடி குடித்துக் கறுத்த பற்கள், ஐம்பத்தேழு வயதில் ஒரு தடவைகூட ஒரு டாக்டர் பார்க்காதவை.

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தினார், சாவியை எடுத்தார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கிக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி அவளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்து, பெஞ்சில், அவள் சேலை தன் முழங்காலில் படுகிற அளவுக்கு நெருக்கமாக உட்கார்ந்தார்.

புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, இருவருக்கும் அட்டை போடவேண்டும் என்று பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை உண்டா, இருக்கிறது. பிரஷர், இல்லை. புகையிலை, விட்டாச்சு. மாதவிலக்கு, நின்னாச்சு.

"எத்தன பிள்ளைங்கம்மா?"

பாக்கியசீலி எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு" என்றார் தேவசகாயம். "மூத்தவன் பையன்."

நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்: "பையன் என்ன செய்றாரு?"

தேவசகாயம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பாக்கியசீலி அவர் கையைப் பார்த்தாள், பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"நாலு நாள் இருந்தான்ம்மா. ரெண்டுன்னே எழுதிக்கோ."

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள், பிறகு ரெண்டு என்று எழுதினாள். உள்ளேயிருந்து டாக்டர் நஸ்ரின் "தேவசகாயம்" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பாக்கியசீலிதான் எழுந்து உள்ளே போனாள், நாற்காலிக்குப் பக்கத்தில், விளக்குக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, கதவு வழியாக அவரைக் கூப்பிட்டாள்.

"வாங்க. நான் இங்கனதான் நிக்கேன்."